டாப் கியரில் ஒரு தள்ளு

எங்கள் மயிலாப்பூர் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம். எங்கள் இடத்தை என் கணவரின் கிழட்டு ஸ்போர்ட்ஸ் கார் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம். அந்த இரண்டாவது ஆசனத்திலும் எப்போதும் ஸ்பேனர் பெட்டி. நான் வேலைக்குப் போகவென்று வாங்கிய கார், நிறுத்த இடமில்லாமல் ஆதம்பாக்கத்தில் என் தங்கை வீட்டு வாசலில் கிடந்தது. நானோ தி. நகர் ஆபீசுக்கு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனேன். சொந்தக் கார் இருந்தும் இந்தக் கதி. வெட்கக்கேடு!

சண்டை போட்டு, பேசாமல் இருந்து, மறுபடி சண்டை போட்டு, கடைசியில் அதை விற்கச் சம்மதிக்க வைத்தேன். அதற்கும் ஒரு நிபந்தனை.

“டைமிங் செயின் டென்ஷனரை மாத்திட்டுத்தான் குடுப்பேன். இப்படியே தள்ளி விட்டா பாவம்.”

யாருக்குப் பாவம் என்று கேட்டேன். வண்டிக்காம்.

எஞ்சினுக்குள் ஒரு செயின் ஓடுகிறது. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்; அந்த ஒழுங்கு தப்பாமல் பார்த்துக்கொள்வது அந்தச் செயின். அது தொய்யாமல் இழுத்துப் பிடிப்பது டென்ஷனர். கொடிக்கயிறு தொய்ந்தால் புடவை தரையில் புரளும், அவ்வளவுதான். செயின் தொய்ந்தால் சக்கரத்தில் பல் தாண்டிவிடும். வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு எஞ்சினே நாசம். பழைய டென்ஷனர் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும் ரகம். புதியது எஞ்சின் ஆயிலின் அழுத்தத்திலேயே இறுகி நிற்கும் ரகம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மாதக்கணக்கில் ரசம் சாதத்தோடு இதையும் சேர்த்துத்தானே விழுங்கினேன்!

அடையாறிலிருந்து ஒருவர் வண்டியை வாங்க ஞாயிறு மதியம் வருவதாகச் சொன்னார். அன்று காலையே கணவர் கீழே இறங்கி, பழைய டென்ஷனரைக் கழற்றிவிட்டு, டிபன் சாப்பிட மேலே வந்தார்.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம். கார்களை நெருக்கி நிறுத்துவதால், ஹேண்ட் பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டுப் போக வேண்டும். வெளியே போகிறவர் குறுக்கே நிற்கும் வண்டியைத் தள்ளிவிட்டுப் போவார். யாரும் யாரையும் கேட்பதில்லை.

நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, மாடி வீட்டு மாமா கச்சேரிக்குக் கிளம்பி நின்றார். கூடவே வாட்ச்மேன். என் கணவரின் வண்டியைத்தான் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா சாமி, நகரவே மாட்டேங்குது.”

“சித்த மூச்சைப் பிடிச்சுண்டு தள்ளுப்பா, நாழியாறது.”

வண்டி வெட்டி வெட்டி முன்னால் போனது. மாமா தன் காரை எடுத்த பிறகு, வாட்ச்மேன் தெருவில் போன இருவரைப் பிடித்து அதைப் பின்னுக்குத் தள்ளி, இருந்த இடத்திலேயே விட்டார். என்ன ஒரு மரியாதை! தினமும் பார்க்கிற கூத்துதானே என்று நானும் உள்ளே போய்விட்டேன்.

மதியம் அடையாறுக்காரர் வந்தார். கச்சேரி முடிந்து வந்த மாமாவும் வேடிக்கை பார்க்க நின்றார். புது டென்ஷனரை மாட்டி, மூடியெல்லாம் முடுக்கி முடித்திருந்த கணவர், மாப்பிள்ளை மாதிரி உள்ளே உட்கார்ந்து விளக்கினார்.

“டாப் கியர்ல போட்டு, செயின் சக்கரத்துல இருக்கிற குறி நேரா வர்ற வரைக்கும் வண்டியை உருட்டி நிறுத்தினேன் சார். அதுக்கப்புறந்தான் பழசைக் கழட்டினேன். இம்மி நகரல.”

காலையில் பார்த்த கூத்து அப்போதுதான் எனக்கு உறைத்தது. கியரில் நின்ற வண்டியைத் தள்ளினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். டென்ஷனர் இல்லாமல், தொளதொளவென்று தொங்கும் செயினோடு!

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சாவியைத் திருப்புவார், எஞ்சின் தொலையும், வண்டி எடைக்குப் போகும், இடம் எனக்கு. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மனுஷன் சாவியைத் தொடுவதற்கு முன் ஸ்டியரிங்கை ஒரு தடவு தடவினார். சனியன், மனசு கேட்கவில்லை.

“ஏங்க, சாவியைத் திருப்பாதீங்க! மாமாவும் வாட்ச்மேனும் காலைல வண்டியத் தள்ளினாங்க!”

“நானா? நான் ஓரமா நின்னுண்டிருந்தேன். அவன்தான் தள்ளினான்” என்றார் மாமா.

“நல்லா கீதே நாயம்! தள்ளச் சொன்னதே நீதானே சாமி!” என்றார் கேட்டுப் பக்கமிருந்து ஓடி வந்த வாட்ச்மேன்.

கணவர் மறுபடி மூடியைக் கழற்றிப் பார்த்தார். குறி விலகியிருந்தது. செயின் பல் தாண்டியிருந்தது. ஸ்டார்ட் செய்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அடையாறுக்காரர், சரி செய்துவிட்டுக் கூப்பிடச் சொல்லிக் கிளம்பிப் போனார். போகட்டும், இன்னும் ஒரு வாரம்தானே பஸ், பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

கையெல்லாம் கிரீஸோடு கணவர் என்னைப் பார்த்தார். குழம்பில் உப்பு குறைந்தால் வீட்டைப் புரட்டிப் போடுகிறவர், மாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“நீ காப்பாத்திக் குடுத்த வண்டி. இனிமே இதை நான் எப்படி விக்கிறது, சொல்லு?”

அந்த ஸ்பேனரை எடுத்து அவர் மண்டையிலேயே ஒன்று போடலாமா என்று இருந்தது எனக்கு.