அவர் ஏசவில்லை

மூணாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூலிக்குக் களை வெட்டிய கையால் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் எழுபது ஏக்கர் கரிசல் வாங்கினேன், இரண்டு டிராக்டர் நிறுத்தினேன். மேகத்தைப் பார்த்து மழைக்கு நாள் சொல்வேன். படித்தவர்களே வந்து கேட்டுப் போவார்கள்.

போன வருஷம் புரட்டாசியில் பக்கத்து நிலத்துக்காரரிடம், பத்து நாளில் மழை பிடித்துவிடும், புழுதியிலேயே உளுந்தைப் போடுங்கள் என்றேன். அவருக்கு நாலே ஏக்கர், அதுவும் தண்ணீர் தேங்கும் பள்ளக்காடு. மொத்தத்தையும் விதைத்தார். அரைகுறையாய் ஒரு மழை வந்தது. விதை முளைத்தது. அப்புறம் பதினைந்து நாள் வெயில். முளை அத்தனையும் கருகிப்போனது. அதற்குப் பிறகு வந்ததோ பேய்மழை. மறுபடி விதைக்கலாம் என்று விதை மூட்டையோடு டிராக்டரை அவர் நிலத்துக்கு நானே ஓட்டிப் போனேன். சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. சேறு காய்வதற்குள் பருவம் போயிற்று.

அவர் வீட்டம்மா முகம் கொடுக்கவில்லை. ஒரு நாள் மட்டும் வாசலில் நின்று கேட்டார்: "வாங்க அண்ணாச்சி, இன்னைக்கு மழை உண்டுமா? துணி காயப் போடணும்."

அந்தக் கோபம் எனக்கு விளங்கியது. நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கேட்டிருப்பேன்.

விளங்காதது அவர்தான். ஒருத்தரைப் புரிந்துகொள்வது என்றால் அவருக்கு ஆவதைச் செய்துகொடுப்பது என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். அவரோ தினமும் சாயங்காலம் என்னைத் தேடி வந்து ஆறுதல் சொன்னார். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். ஏசினால் திருப்பிப் பேச எனக்கு வாய் இருக்கிறது. ஆறுதலை என்ன செய்வது?

கார்த்திகையில் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினார்கள். வழியனுப்பக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மறைத்து வைத்திருந்த ஒன்றை அங்கேதான் சொன்னேன். நான் எப்போதும் பாதி நிலத்தில்தான் முதலில் விதைப்பேன். மழை ஏமாற்றினாலும் மறு பாதி பிழைக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. நாள் குறித்த பெருமையில் வாய் அதோடு நின்றுவிட்டது.

"தெரியும் அண்ணாச்சி," என்றார். "உங்க மேட்டுக்காடு விதைக்காம சும்மா கிடந்ததை அப்பவே பார்த்தேன். கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் கேக்கல."

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, அந்த மனுஷன் சன்னல் வழியாகக் கேட்டார்:

"அந்தக் காடு இப்ப எப்படி இருக்கு?"

"பூத்திருக்கு," என்றேன்.

அவர் சந்தோஷமாகத்தான் தலையாட்டினார்.