மெஹர் பானுவின் கிணறும் சங்கத்து அங்கீகாரமும்

மெஹர் பானு அக்காவுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மேற்குத் தாம்பரத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்தவர் அவர். முடிச்சூரில் முனிரத்தினத்தின் பாசனக் கிணறு பயிர் வைக்க ஆளில்லாமல் சும்மா கிடந்தது. அதில் மத்தியான நேரத்தில் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவார், கத்தினால் சிரிப்பார். நானும் கத்தியவள்தான். வரப்பில் ஒரு புடவையைக் குறுக்கே மறைப்பாகக் கட்டிவிட்டால் முனிரத்தினமேகூடத் தன் கிணற்றுப் பக்கம் வரமாட்டார். அந்த மறைப்பை நம்பித்தான் எங்கள் அம்மாக்கள் எங்களை அனுப்பினார்கள். கிணற்றைத் தூர்த்து மனை போடும்வரை, தொண்ணூற்றாறு வரைக்கும், அக்கா ஒரு நாளும் அந்த நம்பிக்கையைக் கெடுத்ததில்லை.

எங்களில் கிருபா தனி ரகம். தண்ணீரில் விட்டால் பிடிக்க முடியாது. எண்பத்தெட்டில் வட்டாரப் போட்டி வந்தது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பந்தயம். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். அவள் அப்பா, "எல்லார் எதிர்லயும் நீந்தட்டும், எனக்கின்னா" என்றுவிட்டார். ஆனால் அங்கீகாரம் பெற்ற கிளப்தான் பெயர் கொடுக்க முடியுமாம். அக்கா நீச்சல் சங்கத்துக்கு விண்ணப்பித்தார்.

சோதிக்க வந்தவர் சங்கத்துச் செயலாளர் வேதசிரோமணி. ஆழம் கேட்டார், கயிறு, லாரி டியூப் எல்லாம் பார்த்தார், தலையாட்டினார். பிறகு, "பத்து மெம்பர்ஸ் நீந்துறத நான் நேர்ல பார்க்கணும்" என்றார்.

"கிருபா நீந்துவா சார், பாருங்க. மத்த பொண்ணுங்க மாட்டாங்க. ஆம்பள கண்ணு படாதுன்னு அவங்க அம்மாங்ககிட்ட வாக்கு குடுத்துக்கிறேன். லேடீஸ் யாராவது இருந்தா அனுப்புங்க."

"எங்க சங்கத்துல லேடீஸ் யாரும் இல்லம்மா."

"அதுக்கு நாங்க இன்னா சார் பண்றது?"

ரூல்ஸ் ரூல்ஸ்தான் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார். சங்கத்தில் ஒரு பெண்ணைச் சேர்க்க வக்கில்லாதவர்களுக்கு எங்களைச் சோதிக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

"ஒரு நாள்தானேக்கா, மறைப்ப எடுத்தா இன்னா?" என்று கிருபா அழுதாள்.

"நாளைக்கு எவளையும் அனுப்பமாட்டாங்க கிருபா" என்றார் அக்கா. அவள் அதற்குப் பிறகு பல நாள் அவரோடு பேசவில்லை.

போட்டியன்று அக்கா எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனார். கடைசி நேரத்தில் சேர்த்துக்கொள்ளமாட்டார்களா என்ற நப்பாசை. கிருபா நீச்சல் உடையைத் தாவணிக்குள்ளேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஆண்கள் பந்தயங்கள் முடிந்ததும் வேதசிரோமணி மைக்கைப் பிடித்தார். பெண்கள் பிரிவுக்கு ஒரு பெயர்கூட வரவில்லையாம், அதனால் ரத்தாம். நம் பக்கத்துப் பெண்களுக்கு நீச்சலில் ஆர்வமே இல்லையென்று வருத்தம் வேறு.

கிருபா எழுந்து நின்றாள். "நான் வந்துக்கிறேன் சார்."

அவர் அவளைப் பார்த்தார், பக்கத்தில் அக்காவையும் பார்த்தார். யாரென்று தெரிந்துவிட்டது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "உங்க கிளப்புக்கு அங்கீகாரம் இல்லையேம்மா, உட்காரு" என்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, பெண்கள் யாரும் வரவில்லை என்று மறுபடியும் அறிவித்தார்.