கோடம்பாக்கம் கேட்டில் அணைத்த இஞ்சின்

இஞ்சினை அணைத்தவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் சொல்லாமல் இருந்து பார்த்தவன் என்பதால், இப்போது எழுதும்போது அதைக் கடைசிக்குத் தள்ள எனக்குத் தைரியம் இல்லை.

டீசல் விலை ஏறிவிட்டது, நிற்கிற இடத்திலெல்லாம் இஞ்சினை ஆஃப் செய்யுங்கள் என்று டிப்போ நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். யார் அதிகம் மிச்சம் பிடிக்கிறார் என்று டிரைவர்களுக்குள் போட்டியும் நடக்கிறதாம். நல்லதுதான். அந்தப் போட்டியில் நான் ஒரு காலத்தில் முதல் ஆளாக இருந்தேன். 'கஞ்ச கன்னியப்பன்' என்று எனக்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

1. அடுப்பைக் கட்டிக்கொண்ட பஸ்

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். கூப்பன் இருந்தாலும் பங்கில் ஸ்டாக் இருக்காது, இருந்தாலும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். மைலாப்பூரில் பெரிய வீட்டுக் கார்களெல்லாம் சக்கரத்தைக் கழற்றிச் செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டன. ஜட்காக்காரன் வாய்க்கு வந்ததைக் கேட்டான். சைக்கிளில் போனால் கௌரவம் குறையும் என்று நினைத்தவர்கள்கூட சைக்கிளில் போனார்கள். மற்ற எல்லோரும் பஸ்ஸுக்கு வந்தார்கள்.

பஸ்ஸுக்கு மட்டும் பெட்ரோல் எங்கே இருந்தது? எங்கள் முதலாளி நாயுடு, வண்டியின் முதுகில் கரி கேஸ் பிளாண்ட் மாட்டிவிட்டார். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு. மேலே மூடியைத் திறந்து கரியைக் கொட்ட வேண்டும். கீழே நெருப்பு வைத்து, புளோயர் என்கிற கை விசிறியைக் கால் மணி நேரம் சுற்றினால் கேஸ் உண்டாகும். அது குழாய் வழியே முன்னால் இருக்கிற இஞ்சினுக்குப் போகும். இழுவை கிடையாது. மேட்டில் ஏறும்போது பாதிப் பேரை இறக்கி நடக்கவிடுவோம். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டுவோம். கை காட்டினால் நிறுத்த மாட்டோம், ஓடி வந்து ஏறு என்போம்.

ஸ்டார்ட் செய்ய மட்டும் தினம் ஒரு பாட்டில் பெட்ரோல் தருவார் முதலாளி. நெருப்பு நன்றாக இருந்தால் கேஸிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். அப்படி மிச்சமாவதை நான் ஸீட்டுக்கு அடியில் ஒரு டின்னில் சேர்த்து வைப்பேன். சனிக்கிழமை முதலாளி டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மற்ற டிரைவர்களிடம், "பாருங்கடா, இவனும் உங்க மாதிரிதான் வண்டி ஓட்றான்" என்பார். அதற்காகவே நான் வாரம் முழுக்க ஓட்டினேன்.

பிளாண்டை மாட்டிய ஃபிட்டர் எங்களிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "வண்டி ஓடறப்ப பயமில்ல, இஞ்சின் கேஸை இழுத்துக்கும். நின்னாதான் வெளிய கசியும். வாசனை தெரியாது, ஆளைத் தூக்கிடும். ஜனங்களை உள்ள வச்சிக்கினு புளோயர் சுத்தாதீங்க." தலையை ஆட்டினோம். முதல் மாதம் அப்படியே செய்தோம்.

2. கேட்

என் கண்டக்டர் ரஹீம் பாய், மீர்சாகிப்பேட்டைக்காரர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். மைலாப்பூர் குளத்தங்கரையில் கிளம்பி, லஸ், தேனாம்பேட்டை, பனகல் பார்க், கோடம்பாக்கம் கேட் தாண்டி வடபழனி வரை எங்கள் ரூட். காலை வண்டிக்கு வாடிக்கை ஆட்கள் உண்டு. லூர்து டீச்சர் சாந்தோமிலிருந்து நடந்து வந்து ஏறுவார். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கடைசி ஸீட்டில், ஜன்னலோரம், மடியில் நோட்டுப் புத்தகக் கட்டோடு உட்காருவார். கூட வருகிறவர்களிடம் தன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். நாற்பது பிள்ளைகள், நாற்பது பேரையும் எங்களுக்கே தெரியும். இன்னொருவர் சினிமா ஸ்டூடியோ மானேஜர், மைலாப்பூர் ஐயர். அவர் காரும் செங்கல் மேல்தான். அந்தக் கோபத்தை எங்கள் மேல் காட்டுவார்.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. தேனாம்பேட்டை வருவதற்குள் எல்லோரும் நனைந்துவிட்டார்கள். "ஏம்ப்பா, அந்தப் படுதாவை இறக்கேன். கோட்டெல்லாம் நனையறதே, கண்ணு தெரியலையா?" என்றார் மானேஜர். ரஹீம் இரண்டு பக்கமும் கான்வாஸ் படுதாவை இறக்கிக் கட்டினார். உள்ளே இருட்டாகிவிட்டது.

கோடம்பாக்கத்தில் கேட் மூடியிருந்தது. மிலிட்டரி ஸ்பெஷல் வருகிறது, நேரமாகும் என்றான் கேட் கீப்பர். கரி மிச்சமாகட்டும் என்று பழக்கப்படி இஞ்சினை அணைத்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. நெருப்பு தணிந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, மறுநாள் டின்னைத் தூக்கிப் பார்க்கும் நாள். ரஹீமைக் கூப்பிட்டு, "பாய், போய் புளோயர் சுத்து" என்றேன்.

"ஜனங்க உள்ள கீறாங்களே நைனா."

"இந்த மழைல எங்க இறக்குறது? கொஞ்ச நேரம்தான், சுத்து."

கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ச் சுற்றினார். ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. முன் ஸீட்டில் மானேஜர், "தலை விண்ணுனு வலிக்கறது" என்றார். கூட்டத்தின் புழுக்கம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது, கடைசியில் லூர்து டீச்சர் பலகையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது. பாவம், மழையில் நடந்து வந்த அசதி என்று எண்ணினேன். அவர் முதுகுக்குப் பின்னால், அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்தான் பிளாண்ட் இருந்தது. மூடியில் கேஸ் கசியாமல் அடைக்கிற அஸ்பெஸ்டாஸ் கயிறு தேய்ந்து போனதும் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று விட்டிருந்தேன்.

கேட் திறந்தது. ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் இஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

பள்ளிக்கூட ஸ்டாப்பில் நிறுத்தினேன். "டீச்சரம்மா, ஸ்கூல் வந்துச்சு" என்றார் ரஹீம். தோளைத் தொட்டார். நோட்டுக் கட்டு மடியிலிருந்து சரிந்தது, டீச்சரும் கூடவே சரிந்தார். "யா அல்லா! கன்னீப்பா, ஓடியா!" என்று கத்தினார்.

பின் ஸீட்டில் இன்னும் மூன்று பேர் குமட்டிக்கொண்டிருந்தார்கள். படுதாவை அவிழ்க்க நேரமில்லாமல் கிழித்தோம். எல்லோரையும் மழையிலேயே இறக்கினோம். காற்றுப் பட்டதும் அந்த மூன்று பேரும் தெளிந்தார்கள். டீச்சர் கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது, இல்லாத மாதிரி இருந்தது.

பனகல் பார்க் பக்கத்தில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிற டாக்டர் ஒருவர் உண்டு என்றார் மானேஜர். டீச்சரை மட்டும் மறுபடி ஏற்றி, வந்த வழியே கேட் பக்கம் வண்டியைத் திருப்பினோம். கேஸில் ஊர்ந்துகொண்டு போனால் ஆகாது. பிளாண்ட் வால்வை மூடினேன். ஸீட்டுக்கு அடியிலிருந்த டின்னை எடுத்து, சேர்த்து வைத்த பெட்ரோல் முழுவதையும் ஸ்டார்ட் செய்வதற்கென்று இருந்த சின்ன டாங்கில் கவிழ்த்தேன். மானேஜர் கோட்டும் சூட்டுமாகச் சேற்றில் முன்னால் ஓடினார். "மூடாதேடா! கேட்டை மூடாதே!" என்று அவர் கத்துவது எனக்குக் கேட்டது. கேட் கீப்பர் பாதி இறக்கியதை மறுபடி தூக்கினான். கண்ணாடியில் மழை, பின்னால் ரஹீம் டீச்சர் தலையை மடியில் வைத்து நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார். மூச்சு இருக்கா, மூச்சு இருக்கா என்று நான் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். "கீது, கீது, நீ ரோட்டைப் பாரு" என்றார் அவர்.

டீச்சர் பிழைத்தார். சாயங்காலம்தான் கண் திறந்தார்.

3. கேள்வி

மறுநாள் முதலாளி ஷெட்டில் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார்: "ஜனங்கள உள்ள வச்சிக்கினு புளோயர் சுத்தினது யாருடா?"

"நான்தான் மொதலாளி" என்றார் ரஹீம்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை, சுற்றியது அவர்தான். சுற்றச் சொன்னது யார் என்று முதலாளி கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நான் நின்றேன். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், லைசென்ஸ் போனால் வீட்டில் அடுப்பெரியாது. ரஹீமுக்கும் குழந்தைகள் இருந்தார்கள். அதை நான் அந்த நேரத்தில் நினைக்கவில்லை. அன்றோடு அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பொங்கல் கழித்து லூர்து டீச்சர் மறுபடி பஸ்ஸுக்கு வந்தார். கடைசி ஸீட்டுக்குப் போகவில்லை, எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். மடியில் வருகைப் பதிவேடு. அதைத் திறந்து மெதுவாக வாய்விட்டுப் படித்தார். "அந்தோணி... அப்துல் காதர்... அலமேலு..." நாற்பது பெயரும் அவருக்கு மறந்துபோயிருந்தது. தினமும் மைலாப்பூரிலிருந்து கேட் வரை படிப்பார். நடுவில் எங்காவது தடுக்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். எனக்குத் தெரிந்த பெயர் அவருக்கு வராதபோது, அதை நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன்.

ஒரு நாள் கேட் மூடியிருந்தது. இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கேட்டார்: "கன்னியப்பா, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? எனக்கு லஸ் வரைக்கும்தான் ஞாபகம் இருக்கு."

திரும்பாமலே சொன்னேன். அணைத்தது, பெட்ரோல் ஆசை, பாயைச் சுற்றச் சொன்னது, தேய்ந்த கயிறு, எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் பதிவேட்டை மூடினார்.

"என்கிட்ட சொல்லிட்ட, சரி. ரஹீம் பாய் போன வாரம் எங்க வீட்டுக்கு வந்தார் தெரியுமா? இந்தக் கையாலதான் ஆச்சு டீச்சரம்மான்னு அழுதார். நீ சொன்னதா ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல, அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன். நீ சொல்ல வேண்டிய இடம் இது இல்லப்பா."

அன்று சாயங்காலம் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிக்கத்தான் வந்தார். "லைசென்ஸ மேசை மேல வைடா" என்றார். வைத்தேன். ரஹீமை அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். எனக்கு இரண்டு மாதம் வேலை இல்லை. வீட்டில் பட்ட பாட்டை இங்கே எழுதவில்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் ராத்திரி தூங்கினேன், அதற்கு முந்தைய மூன்று மாதமும் தூங்கவில்லை.

மறுபடி வண்டி கொடுத்த அன்று கண்டக்டர் ரஹீம்தான். என்னிடம் அவர் பேசவில்லை. கேட்டில் வண்டி திணறித் தானாகவே நின்றுவிட்டது. ரஹீம் படுதாவைச் சுருட்டிக் கட்டினார். மானேஜர், டீச்சர் உட்பட அத்தனை பேரையும் இறக்கித் தள்ளி நிற்க வைத்தார். பிறகு புளோயர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கேட்டார்:

"இப்ப சொல்லு நைனா. சுத்தட்டா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸீட்டை விட்டு இறங்கி, பின்னால் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அந்தப் பிளாண்ட் கழற்றப்படும் நாள் வரை ஒவ்வொரு தடவையும் அங்கே போய் நின்றுதான் சுற்றச் சொன்னேன். நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுகிறவர்களும், அதைப் படித்துவிட்டுக் கண்டக்டரை ஏவுகிற டிரைவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். மிச்சம் பிடியுங்கள். ஆனால் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுந்து போய்ப் பாருங்கள், ஏவியதை நாலு பேர் காதில் விழும்படி ஏவுங்கள்.

"நான் சொல்றேன் பாய்," என்றேன் அன்று, கேட் கீப்பர் வரைக்கும் கேட்கும்படி. "நான்தான் சொல்றேன். சுத்து."