மாலை போட்ட சக்கரம்

எனக்கு எழுபது முடிந்துவிட்டது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் தங்கச்சி பிள்ளைகள். ஒன்றும் சோடை போகவில்லை. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டை எழுத்துக் கூட்டுவேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவசரப்படுத்தக் கூடாது என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அறுபதுகளில் நாங்கள் பம்பாயில் மாட்டுங்கா லேபர் கேம்பில் இருந்தோம். என் சித்தப்பா ஒரு துணி மில்லுக்காக சைக்கிள் ரேஸ் ஓட்டினார். பொழுதுபோக்குக்கு இல்லை, பிழைப்பே அதுதான். ஆனால் மில்லில் அவர் இன்னும் பதலி ஆள். நிரந்தரக்காரன் வராத நாளுக்குத்தான் கூலி. புனாவிலிருந்து பம்பாய்க்கு வருகிற ரேஸில் நன்றாக ஓட்டினால் பர்மனன்ட் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பர்மனன்ட் ஆனால் பெண் தருவதாகக் குழாயடி வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் வாசலுக்கு எதிரே தண்ணீர்க் குழாய், அதை ஒட்டி அவர் வீடு. மீசையும் வாயும் பெரிய மனுஷர். அவர் மகளுக்கு இரண்டும் கிடையாது. வாய் திறந்து பேசியே நான் கேட்டதில்லை.

சாயங்காலமானால் சித்தப்பா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு முன்சக்கரத்தைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். நான் எண்ண வேண்டும். எனக்கு இருபது வரைதான் தெரியும். "இருபதுக்குள்ள முடிக்கணும் மக்களே, சத்தமா எண்ணு" என்பார். எண்ணி முடித்தால் ஒரு பட்டாணிப் பொட்டலம். ஊரிலேயே எனக்குத்தான் அந்த உத்தியோகம் என்று எனக்கு ஒரே பெருமை.

அம்மாவுக்குச் சிரிப்பு வரும். "ரேஸுல ஓட்டணுமா, கழட்டணுமா கொழுந்தனாரே?"

"ரெண்டுந்தான் மதினி" என்பார். அதற்குமேல் சொல்லமாட்டார்.

ரேஸ் அன்று கேம்பே சயான் ரோட்டில் வந்து நின்றது. அப்பா கையில் குடுமித் தேங்காய். தம்பி வருகிற நேரம் பார்த்துப் பிள்ளையாருக்கு விடலை போடுவதாக வேண்டுதல். போலீஸ்காரன் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனான்.

தூரத்தில் இரண்டு மஞ்சள் பனியன் தெரிந்தது. முன்னால் சித்தப்பா! அவர் முதுகோடு ஒட்டினாற்போல ஒரு மராட்டிக்காரர். அவரும் அதே மில்தான். ஆனால் ஒரே மில்லென்றால் என்ன, ரேஸ் என்றால் ரேஸ்தானே என்று நாங்கள் நினைத்தோம்.

"பிள்ளையாரப்பா!" என்று அப்பா ஓங்கி அடித்தார். தேங்காய் தெறித்தது. பிள்ளைகள் நாங்கள் பாய்ந்து பொறுக்கினோம். எனக்கு நல்ல துண்டு கிடைத்தது. ஆனால் சிரட்டைச் சில்லை யார் பொறுக்குவார்கள்? சித்தப்பா தாண்டிப் போனார். பின்னால் வந்த மராட்டிக்காரரின் முன்சக்கரம் "புஸ்"ஸென்றது.

கேம்பு ஆர்ப்பரித்தது. "பிள்ளையாரு கண்ணத் தொறந்துட்டாருவே! இனி நம்ம பயதான்!"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். பிரேக் போட்டார். திரும்பியே வந்துவிட்டார். குதித்து இறங்கித் தன் முன்சக்கரத்தைக் கழற்றி அந்த மனுஷர் சைக்கிளில் மாட்டி, முதுகில் கை வைத்து ஒரு தள்ளு. மராட்டிக்காரர் பறந்துபோனார்.

"ஏலே கிறுக்கா! அவனுக்கு ஏம்ல குடுக்க?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

குழாயடி வீட்டுக்காரர் மீசையைத் தடவினார். "சக்கரத்தக் காப்பாத்தத் தெரியாதவன் எம்மகள எப்படிக் காப்பாத்துவான் அண்ணாச்சி? இந்தப் பேச்ச இதோட விட்டுருவோம்."

சித்தப்பா அவரைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த சில்லை எடுத்துப் பார்த்தார். "அண்ணே, காத்தக் கிழிச்சு அவர முன்னுக்குக் கொண்டாந்து விடுறதுக்குத்தான் மில்லுல எனக்குக் கூலி. ஜெயிக்க வேண்டியது அவரு. பிள்ளையாருக்கு விடலை போடக் கோயில்ல எடமா இல்ல?"

அப்பா குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். முன்சக்கரம் இல்லாத சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தப்பா நடந்தார். நான் தேங்காயைத் தின்றுகொண்டே அழுதபடி பின்னால் போனேன்.

பொழுது சாய்வதற்குள் கேம்புக்குள் ஒரு ஜீப் வந்தது. மராட்டிக்காரர் இறங்கினார். கழுத்து வெறுங்கழுத்து, ஜெயித்ததற்கு அவருக்குப் போட்ட ரோஜா மாலையைச் சித்தப்பாவின் சக்கரத்துக்குப் போட்டு, அதைச் சாமி மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். கூட வந்த மேனேஜர் பேடா டப்பாவை நீட்டி இந்தியில் ஏதோ சொன்னார். அப்பா கத்தினார்: "பர்மனன்ட் ஆக்கிட்டாங்கடே!"

முதல் பேடாவை எடுத்தவர் குழாயடி வீட்டுக்காரர்தான். "நான் அப்பமே சொன்னம்லா, குடும்பத்துக்கு ஆவுற பயன்னு?" என்றார், வாய் நிறைய. அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இன்னொரு பேடா கொடுத்தார்.

கூட்டம் கலைந்ததும் சித்தப்பா குழாயடியில் சக்கரத்தைக் கழுவினார். அந்தக் குழாயடி வீட்டுப் பெண் குடம் வைத்துக்கொண்டு நின்றாள். குடம் நிறைந்து வழிந்தது, அவள் எடுக்கவில்லை. குனிந்தபடியே சொன்னாள்:

"இன்னிக்குப் பதினெட்டுலயே முடிஞ்சிட்டு."

சித்தப்பா கழுவுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! ரோட்டில் கேம்பே கத்தும்போது நானே எண்ண மறந்துவிட்டேன். இவளை யார் எண்ணச் சொன்னது? பட்டாணி வாங்குகிறவள் நானல்லவா? என் உத்தியோகத்தைப் பிடுங்கிக்கொண்டாள் என்று சித்தப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. கல்யாணத்தன்றும் முறைத்துக்கொண்டுதான் சித்திக்குப் பூக்கூடை தூக்கினேன்.

ஏட்டி, எழுதினது போதும். எங்க, முதல்லருந்து வாசி பார்ப்போம். அந்தப் பதினெட்டு வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசி.