தேர் வடம் பிடித்த வேட்பாளர்

புருஷனிடம் அடி தாங்காமல் வீடு திரும்பிய என் அக்காவை, இனி மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கக் கூடாது என்று நிறுத்தியவர் எங்கள் பெரியப்பா. ஊர்ப் பெண்கள் கெட்டுப்போவார்களாம்.

இந்தத் தேர்தலில் வெளியூர்க்காரர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். பார் முதலாளி, கோயில் பக்கமே வராதவர். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்கள் கூடிப் பேசினார்கள்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரனுக்கா நம்ம ஓட்டு?" என்றார் ஒருவர்.

பெரியப்பா சிரித்தார். "அது அவரு சொந்த விஷயம்பா. பழைய ஆளுங்க இன்னா கிழிச்சிட்டாங்க? இவரு துணிஞ்ச ஆளு."

அக்காவுடையது மட்டும் ஊர் விஷயம். எல்லோரும் தலையாட்டினார்கள், நான் உட்பட.

திருவிழாத் தேரின் வடத்தை முதலில் அந்த வேட்பாளர் கையில்தான் கொடுத்தார்கள். தேர் எங்கள் தெருவுக்குள் வந்தபோது, மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்ற அக்காவிடம் பெரியப்பா ஓடி வந்தார்.

"நாலு பேரு பாக்கறாங்க, உள்ள போ."