ஜப்பான் டிரம்ஸுக்கு நான் எழுதிய இரண்டு விலைகள்

இரண்டு நாள் உட்கார்ந்து நான் போட்ட விலையை ஓர் ஆள் இரண்டே நிமிஷத்தில் பாதியாக்கினார். அதுவும் சிரித்துக்கொண்டே. மேற்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ஏலக் கடையில், ஒரு சனிக்கிழமை காலையில், முதலாளி முன்னிலையில், சாமானுக்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

கல்லூரியை விட்டு மூன்று வருஷம்தான் ஆகிறது, அதற்குள் அனுபவம் எழுத வந்துவிட்டானா என்று ஜூனியர்கள் கேட்பீர்கள். கேளுங்கள். "பௌதிகம் படித்துவிட்டுப் பழைய கட்டிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாயே" என்று வீட்டில் கேட்பதற்கு அது தேவலை. கல்லூரி ஆண்டு மலருக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தா என்றார் மலரின் ஆசிரியர். யோசித்துப் பார்த்தேன். என்னிடம் இருப்பதிலேயே உபயோகமானது இந்தத் தப்புதான்.

1. கடை வழக்கம்

எங்கள் கடைக்குச் சாமான் வருவது பெரும்பாலும் மாற்றலாகிப் போகிறவர்களிடமிருந்து. ரயில்வே குவார்ட்டர்ஸ், விமானப்படைக் குடியிருப்பு, வெளிநாடு கிளம்பும் குடும்பங்கள். தையல் மெஷின், கிராமபோன், பியானோ, குழந்தைத் தொட்டில் என்று எது வந்தாலும் முதலில் ஒரு விலைச் சீட்டு எழுதுவோம். எழுதுகிறவன் நான். சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு மாற்றக் கூடாது என்பது முதலாளி சம்பந்தம் சார் போட்ட சட்டம். மாற்றினால் யாரோ டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஊர் சொல்லுமாம்.

இன்னொரு சட்டமும் உண்டு. எதையும் முழுசாக வைத்து விலை போடக் கூடாது. கழற்றிப் பாயில் பரப்பிவிட வேண்டும். சைக்கிள் என்றால் வீல், செயின், பெடல், சீட் எல்லாம் தனித்தனியாக. வெளியே பளபளவென்று இருக்கும் மெஷினுக்குள்ளே வேறு மெஷினின் உறுப்பைச் சொருகிக் கொண்டுவருகிற மகாராஜாக்கள் இருக்கிறார்கள். பாயில் பரப்பினால் எந்தப் பொய்யும் தெரிந்துவிடும் என்று நானும் மனதார நம்பினேன்.

2. மூன்று பேர், ஒரு செட்

செம்பாக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கல்யாணம், கோயில் திருவிழா, மாதா கோயில் பெருநாள் எல்லாவற்றுக்கும் வாசிப்பார்கள். டிரம்ஸ் வாசித்தவர் ஆரோக்கியராஜ், மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். அக்கார்டியன் வெங்கடேசன், ஏரிக்கரைப் பக்கம் நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு லாரி வாங்கும் யோசனையில் இருந்தவர். பாடியவர் ஜாய்ஸ் அக்கா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. அத்தோடு குழு கலைந்தது.

அக்கார்டியன் வெங்கடேசனுடையது. மைக் வாடகை. பொதுச் சொத்து ஒன்றே ஒன்றுதான்: சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் மூன்று பேரும் சேர்ந்து வாங்கிய ஜப்பான் டிரம் செட். அவர்களுக்குள் ஒரு பேச்சு முடிந்திருந்தது. வெளியாள் விலை போட வேண்டும். அந்த விலைக்கு ஆரோக்கியராஜ் எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பங்கு கொடுக்கலாம். முடியாவிட்டால் விற்றுப் பிரித்துக்கொள்வது.

கைவண்டியில் சாக்குப் பைகளும் பழைய புடவை மூட்டைகளுமாக வந்து இறங்கின. ஆரோக்கியராஜ் ஒவ்வொன்றையும் தானே இறக்கினார். வண்டிக்காரரைத் தொட விடவில்லை.

"இன்னா வாத்யாரே, பொண்ண புகுந்த வூட்டுக்கு அனுப்பற மாதிரி இறக்கறே?" என்றார் வெங்கடேசன்.

"உன் லாரி வரும்போது பாக்கறேன். நீ டயருக்குப் பொட்டு வைக்கலைன்னா கேளு."

ஜாய்ஸ் அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, இவங்க ரெண்டு பேரும் பதினோரு வருஷமா இப்படித்தான். நீங்க உங்க வேலையப் பாருங்க," என்றார்.

3. பாயில் பரப்பியது

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஹாஸ்டலில் பாங்கோ தட்டினவன் நான். பாரிமுனை நடைபாதையில் வாங்கிய வெளிநாட்டு இசைப் பத்திரிகைகள் என் பெட்டி நிறைய இருந்தன. இந்த ஊரில் டிரம் செட்டுக்கு விலை போட என்னைவிட்டால் ஆள் ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

பரப்பினேன். காலால் அடிக்கும் பெரிய பேஸ் டிரம். மடிக்கு நேராக வைக்கும் ஸ்நேர். பேஸ் டிரம் மேல் ஒரு குழாயில் ஏறி நிற்கும் சின்ன டாம். தரையில் மூன்று காலில் நிற்கும் ஃப்ளோர் டாம். இரண்டு சிம்பல், பெடல், ஸ்டாண்டுகள். மேலே முத்துச்சிப்பி மாதிரி மின்னும் சிவப்பு பிளாஸ்டிக் தாள். விரல் கணுவால் தட்டினால் மரம் 'டொக்' என்று உயிரோடு பேசியது. சிம்பலின் ஓரத்தில் நகத்தை ஓட்டினேன், கீறல் இல்லை. வளையங்களில் துரு கம்மி. தோல் ஒன்று மட்டும் மாற்ற வேண்டும். இறக்குமதி நின்றுபோன காலத்தில் இப்படி ஒரு செட் கண்ணில் படுவதே அபூர்வம்.

பேஸ் டிரம்மின் முதுகில் இரண்டு இடத்தில் தழும்பு இருந்தது. பழைய ஓட்டையை மரத்தக்கை வைத்து அடைத்து, அதே சிவப்புத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். நேர்த்தியான வேலை. 'ரிப்பேர், இரண்டு' என்று எழுதி நூறு ரூபாய் கழித்தேன். எதற்காக ஓட்டையை அடைத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பாயில் பரப்பிய பொருளுக்குக் கேள்வி ஏது?

சீட்டில் எழுதினேன்: இரண்டாயிரத்து நூறு.

ஆரோக்கியராஜ் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். அவர் எடுத்துக்கொள்வதென்றால் மற்ற இருவருக்கும் சேர்த்து ஆயிரத்து நானூறு கொடுக்க வேண்டும். மிஷன் பள்ளி வாத்தியாருக்கு அது எத்தனை மாசச் சம்பளம் என்று உங்களுக்கே தெரியும்.

வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். பக்கத்தில் நின்ற வெங்கடேசனைப் பார்த்தார். "சரி, வித்துடுங்க," என்று சீட்டை மடித்து என் மேஜைமேல் வைத்தார்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல விலை போட்டோம் என்ற பெருமை அதைவிடப் பெரிசாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

4. சனிக்கிழமை காலை

வாங்க வந்தவர் பாபு, கோடம்பாக்கத்துப் பக்கம் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிப்பவர். சாமானைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. "பூட்டிப் பாக்கலாமா சார்?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடையின் நடுவில் செட் முதன்முறையாக நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது. டாமைக் குழாயில் மாட்டினார். கழற்றினார். சிம்பல் கம்பியைச் சொருகினார். கழற்றினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகுதான் அந்தச் சிரிப்பு.

"இன்னா சார் இது, கண்ணாடில பாக்கற மாதிரி கீது? டாம் இந்தாண்ட வரணும், அந்தாண்ட போயிடுச்சு. சிம்பல் வலது கை பக்கம் வரணும், இடது பக்கம் வந்து நிக்குது. இத வாசிக்கணும்னா நான் முதுவுல ரெண்டு கை மாட்டிக்கினு வரணும்."

"பேஸ் டிரம்மைத் திருப்பி வச்சா?" என்றேன்.

திருப்பி வைத்தார். "தோ பாரு. டிரம்மு நகராம முன்னால தரையில ஊனிக்கற முட்டுக் கம்பி என் பக்கம் வந்துடுச்சு. ஒரு அடி அடிச்சா செட்டு ஸ்டேஷன் வரைக்கும் ஓடிப்பூடும்." தழும்பைத் தடவினார். "கம்பெனி போட்ட ஓட்டைய அடைச்சிட்டு எதிர்ப்பக்கம் புதுசா போட்டுக்கிறாங்க. நான் மறுபடி போட்டா அது டிரம்மு இல்ல சார், சல்லடை. தொள்ளாயிரம்னா எடுத்துக்கறேன். அதுக்கு மேல வேணாம்."

வெங்கடேசன் என்னைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். ஆரோக்கியராஜ் மட்டும் வாசல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலுக்காக நெற்றிக்கு மேல் வைத்திருந்தது இடது கை. சீட்டை மடித்ததும் இடது கைதான். மூட்டைகளை இறக்கியபோது முடிச்சை அவிழ்த்ததும் அதே கைதான்.

"சார், நீங்க இடது கைக்காரரா?"

அவருக்கு முன்னால் ஜாய்ஸ் அக்கா பதில் சொன்னார். "ஆமா தம்பி. ஸ்கூல்ல போர்டுல எழுதறதுகூட அந்தக் கைதான். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நீங்க கவனிச்சதே இல்லையாக்கா, செட் மாறி இருக்கறத?"

"நான் முன்னாடி நின்னு பாடறவ. திரும்பிப் பாத்தா பாட்டு போயிடும். பதினோரு வருஷமா நான் பாத்தது சாப்பாட்டுப் பந்திக்கு எப்போ கூப்பிடுவாங்கன்னு நிக்கற ஜனத்தைத்தான்."

ஆரோக்கியராஜ் பக்கம் போய் நின்றேன். "உங்களுக்குத் தெரியும் சார். என் சீட்டைப் படிச்ச அன்னைக்கே தெரியும். ஏன் சொல்லலை?"

"எப்படித் தம்பி சொல்றது?" அவர் குரலை உயர்த்தவில்லை. "வாங்கப் போறவன் நான். நானே குறை சொன்னா, விலையைக் குறைக்கத்தான் சொல்றேன்னு ஆகும். வெங்கடேசன் வாயால கேக்கமாட்டான். ஆனா ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை நினைப்பான். அந்த ஒரு தடவை எனக்கு வேணாம்."

5. இரண்டாவது சீட்டு

மேஜைக்குப் போய்ப் புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்தேன்.

"என்னப்பா பண்றே?" என்றார் முதலாளி. "நம்ம சட்டம் தெரியாதா? கையெழுத்து ஆயிடுச்சு. பார்ட்டி தொள்ளாயிரம் சொல்றாரு, பேசி ஆயிரத்தைந்நூறுக்கு ஏத்து. அதுதான் பிசினஸ்."

"அவரு ஏற மாட்டாரு சார். வேற டிரம்மரைக் கூப்பிட்டாலும் இதையேதான் சொல்லுவாரு. நான் எழுதினது தப்பு. நான்தான் திருத்தணும்."

"திருத்தினா கடை பேரு?"

"திருத்தாட்டியும் பேருதான் சார். இவரு கோடம்பாக்கம் போய் சும்மா இருப்பாருன்னு நினைக்கிறீங்களா?"

பாபு பல் தெரியச் சிரித்தார். முதலாளி மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுதினேன்: ஆயிரத்து ஐம்பது. காரணம் என்ற இடத்தில், 'இடது கைக்காரருக்காக மாற்றிப் பூட்டப்பட்டது. முதல் சீட்டில் இதைக் கவனிக்கவில்லை' என்று எழுதி, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன்.

வெங்கடேசன் சீட்டை வாங்கினார். அவர் பங்கு பாதியாகிவிட்டது. கோபப்படுவதற்கு எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது.

"இன்னா தம்பி, அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்கு எழுதறது பொய்யா?"

"அன்னைக்கு எழுதினது மரத்துக்கும் இரும்புக்கும் விலைங்க. நாலு டிரம்மையும் தனித்தனியாப் பாத்துப் போட்டது, அப்படி யாரும் வாங்க மாட்டாங்க. செட்டா ஒரு ஆள் உட்கார்ந்து வாசிக்கணும்னா இதுதான் விலை."

அவர் நேரே போய், பாபுவை எழுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது கையில் குச்சியைப் பிடித்து அடிக்கப் பார்த்தார். முழங்கை டாமில் இடித்தது. தழும்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கி ஒரு தட்டு.

"அட, இந்த ஓட்டைய மாத்திப் போட குரோம்பேட்டையிலேந்து ஆசாரிய சைக்கிள்ல டபுள்ஸ் அடிச்சுக் கூட்டியாந்ததே நான்தான்யா! மொத கச்சேரிக்கு முந்தின நாளு. ஏய் வாத்யாரே, நீயாவது ஞாபகப்படுத்தறதுக்கு இன்னா?"

"நீயே மறந்துட்டே. நான் எப்படிச் சொல்றது?"

"போய்யா. அம்மாடி ஜாய்ஸ், உனக்கு இந்த விலை சம்மதமா?"

"எனக்கு ஒண்ணேகாலுக்கு டிரெயின்," என்றார் அக்கா. "சம்மதம்."

பாபு கோபித்துக்கொள்ளவில்லை. வெங்கடேசனிடமிருந்து குச்சிகளை வாங்கி ஆரோக்கியராஜிடம் நீட்டினார். "சார், வந்ததுக்கு ஒரு தபா வாசிச்சுக் காட்டுங்க. மாறிக்கீற செட்டு எப்படி இருக்கும்னு பாக்கலாம்."

ஆரோக்கியராஜ் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் பூட்டினார், எதையும் தேடவில்லை. பிறகு வாசித்தார். விரல் கணுவால் தட்டி நான் கேட்ட சத்தம் அதில் எங்கேயும் இல்லை. வேறு ஏதோ இருந்தது. தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டாயிரத்து நூறு என்று முதலில் எழுதினேனே, அதுகூடக் குறைச்சலோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அவர் ஒருவருக்கு மட்டும்.

புது விலைக்கு ஆரோக்கியராஜே எடுத்துக்கொண்டார். அன்று மத்தியானம் அதே கைவண்டியில் செட் செம்பாக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பாயில் பரப்புவதற்கு முன்னால் பொருளை நிறுத்திவைத்து, சொந்தக்காரரை ஒரு தடவை உட்காரச் சொல்லி, உபயோகித்துக் காட்டச் சொல்வேன். முதலாளி முதலில் முணுமுணுத்தார், இப்போது விட்டுவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமையே பெருங்களத்தூரிலிருந்து ஓர் அம்மா தையல் மெஷின் கொண்டுவந்தார். மேஜைக் கால்களுக்கு அடியில் நாலு மரக்கட்டைகள் ஆணி அடித்திருந்தன. 'உபரி மரம், அகற்றவும்' என்று எழுதப் பேனாவை எடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்.

"அம்மா, கொஞ்சம் உட்கார்ந்து தைச்சுக் காட்டுங்களேன்."

"நானா? எனக்கு ஊசில நூல் கோக்கவே வராது தம்பி," என்றார் அவர். "தைக்கறது எங்க வூட்டுக்காரரு. தோ, வெளிய சைக்கிள் பக்கத்துல நிக்கறாரு. வெக்கப்பட்டுக்கினு உள்ள வரமாட்டேன்றாரு."

வெளியே போய்க் கூப்பிட்டேன். குனிந்துதான் எங்கள் வாசலுக்குள் நுழைய முடிந்தது அவரால். ஆறடிக்கு மேல் இருப்பார். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். முழங்கால் மேஜைக்கு அடியில் சரியாகப் போய் அமர்ந்தது.