வயிற்றுக்கு வராத கரு

பினாங்கு ஜார்ஜ் டவுன் கிளினிக்கில் டாக்டர் எனக்கும் என் கணவருக்கும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த எங்கள் ஒரே கரு, திரையில் சின்னக் குமிழி போலத் தெரிந்தது.

“முதல் தடவ ரெண்டா பிரியணும். இது நேரா மூணா பிரிஞ்சிருச்சு. அப்படிப் பிரிஞ்சா பெரும்பாலும் வளராது. இதுவும் நின்னுருச்சு, வயித்துல வைக்க முடியாது. யார் தப்பும் இல்ல லா,” என்றார்.

கணவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை நம்பித்தான் அழாமல் வெளியே வந்தேன்.

அடுத்த ஞாயிறு, சுங்கை பினாங்கில் மாமியார் வீட்டில் சாப்பாடு. மீன் கறி ஊற்றிக்கொண்டே மாமியார் ஆரம்பித்தார். “டாக்டர் உள்ள வெச்ச கரு தங்கலயாமே, இவன்தான் சொன்னான். மோட்டார் சைக்கிள்ல ஜுருவுல இருக்கற பேக்டரிக்கு வேலைக்குப் போகாதன்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டியா?”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மீன் முள்ளை எடுப்பதிலேயே கவனமாக இருந்தார்.

“அத்தை, அது என் வயித்துக்கே வரல. உங்க மகனும் பார்த்தாரு,” என்றேன்.

“அம்மாகிட்ட எதுத்துப் பேசாத,” என்றார் அவர், தட்டைப் பார்த்தபடியே.

கரு நின்றுபோனதற்காக நான் யாரையும் நொந்துகொள்ளவில்லை. நடந்ததைச் சொல்ல அதற்கு வாயில்லை. என் கணவருக்கு இருந்தது.